முந்தல் நிருபரின் திருத்தம்

காலைப் பத்திரிகையை நான் எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் வாசிப்பேன். முன்பக்கம் கொழும்புக்காரர்களுடையது. பின்பக்கம் விளையாட்டு, அதாவது நான். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கத்தின் ஏதாவதொரு மூலையில் ‘முந்தல் நிருபர்’ என்று வந்துகொண்டிருக்கிறது. ஹயாத்து முகம்மது என்று எனக்கு ஒரு சொந்தப் பெயர் இருப்பதை என் மனைவி நஃபீஸாவே மறந்துவிட்டாள். கோபம் வந்தால் அவளும் “ஓய் நிருபர்” என்றுதான் கூப்பிடுகிறாள்.

சார்ஜன் றொபின்சன், இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டதற்குத் தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் சிலாபத்துக்காரர். சிங்களம் எழுதினால் முத்துமுத்தாக இருக்கிறது. தமிழ் எழுதத் தொடங்கினீர்கள், முதல் வரியிலேயே என் வயதும் என் ஊரும் பிழையாகிவிட்டன. பிழையான தாளில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

இந்தக் காரியத்துக்கு நான் இன்று உங்களிடம் வருவது இது இரண்டாவது தடவை. காலையில் வந்தபோது நீங்கள் தேநீர் தந்து, தோளில் தட்டி அனுப்பிவிட்டீர்கள்.

“அண்ணே, ஹாஜியார் மௌத்தானதுல மனசு கொழம்பிப் பேசுறீங்க. வீட்ட போய்ப் படுங்க.”

என் மனசு குழம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை முந்தல் மைதானத்தில் விழுந்த நூஹு ஹாஜியார் இறந்தது மாரடைப்பு என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. மாரடைப்புதான். ஆனால் அது தானாக வரவில்லை, நான் வரவழைத்தேன் என்பதுதான் என் செய்தி. உங்கள் மேசைமேல் நான் வைத்த சின்னத் தகர டப்பாவை நீங்கள் இன்னும் திறந்து பார்க்கவில்லை. அவசரமில்லை, அதற்கு வருகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையோர பிறீமியர் லீக் உங்களுக்குத் தெரியும். மென்பந்து கிரிக்கெட், அணிக்கு ஆறு ஓவர், ஏலத்தில் எடுத்த வீரர்கள், எட்டு அணிகள். ஒக்டோபரில் ப்ளே ஓஃப், கடைசி ஞாயிறு இறுதிப் போட்டி. மைதானத்தின் ஒரு பக்கம் தென்னந்தோட்டம், மறுபக்கம் இறால் பண்ணைக் குளங்கள். குளத்தில் விழுந்தால் ஆறு ஓட்டம், பந்தை எடுத்து வருவது அடித்தவனின் வேலை. பருவம் முழுக்க அங்கே ஒலிவாங்கி பிடிப்பது நான், புள்ளி எழுதுவது நான், பத்திரிகைக்கு அனுப்புவதும் நான்.

சிக்கல் என்னவென்றால் போட்டி முடிவது மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, ஐந்தரை மணிக்கு. கொழும்பில் விளையாட்டுப் பக்கம் மூடுவது மூன்று மணிக்கு. மூன்று மணிக்குள் என் செய்தி போகாவிட்டால், அந்த இடத்தில் எதைப் போடுவார்கள் தெரியுமா? அமெரிக்காவின் பேஸ்போல் ப்ளே ஓஃப். அங்கே இரவில் ஆடி முடிகிற ஆட்டம் நமக்குக் காலைச் சாப்பாட்டு நேரத்தில் முடிகிறது. படத்தோடு, சமைத்த சோறு மாதிரி வந்து இறங்கிவிடும். புத்தளம் மாவட்டத்தில் பேஸ்போல் துடுப்பைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? ஆனாலும் என் முதல் வருட இறுதிப் போட்டியின் இடத்தில், வாயில் எதையோ மென்றுகொண்டிருந்த ஓர் அமெரிக்கனின் படம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. அன்று வந்த ஆத்திரம் இன்னும் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

அதனால் செய்தியை முன்கூட்டியே எழுதப் பழகினேன். முதலில் ஓட்ட எண்ணிக்கைக்கு இடைவெளி விட்டு அனுப்பினேன். அவர்கள் இடைவெளியோடேயே அச்சடித்தார்கள். “முந்தல் அணி கோடு ஓட்டங்களால் வெற்றி” என்று தேநீர்க் கடையில் ஒரு மாதம் சிரித்தார்கள். அடுத்த தடவை இடைவெளி விடவில்லை.

நினைக்கிற அளவுக்கு இது கஷ்டமில்லை. களப்புக் காற்று எந்தப் பக்கம், யாருடைய கையில் பந்து, யாருக்கு முதல்நாள் கலியாணம் என்று தெரிந்தால் பத்தில் ஏழு சரியாக வரும். மிச்சம் மூன்றுக்குத்தான் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும். அகலப் பந்துகளைப் புள்ளிக்காரனைத் தவிர வேறு யாரும் எண்ணுவதில்லை. ஒலிவாங்கியும் சும்மா இல்லை. பந்துவீச ஓடிவருகிறவனின் காதில் “மச்சினன் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்று ஒரு வார்த்தை விழுந்தால், பந்து தானாக உயர்ந்து வரும். இதையெல்லாம் மோசடி என்று நீங்கள் எழுதக்கூடும். வாசகருக்குச் சரியான செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற பொறுப்பு என்று நான் எழுதுவேன்.

ஒரே ஒரு தடவைதான் சற்றுத் தள்ளிப் போனேன். இரண்டு வருடத்துக்கு முன், அரையிறுதி. செய்திக்கு நிறம் வேண்டும் என்று, ஆலங்குடா அணியின் ஃபாஹிம் மூன்றாவது ஓவரில் இடது கால் சுளுக்கி வெளியேறியதாக எழுதி அனுப்பியிருந்தேன். மூன்றாவது ஓவர் வந்தது. பையன் மான் மாதிரி ஓடிக்கொண்டிருந்தான். எல்லைக்கு நாங்கள் சுண்ணாம்பு பூசிய செங்கல் வைப்போம். குளத்தோரம் போய்ப் பார்ப்பவன் போல எழுந்துபோய், ஒரு கல்லை நாலடி உள்ளே நகர்த்தி வைத்தேன். அவன் வானத்தைப் பார்த்தபடி பின்னால் ஓடி வந்தான்.

வலது கால்தான் போனது. பத்திரிகையில் இடது கால். ஆனால் யாரும் கால் வரைக்கும் பார்ப்பதில்லை, திருத்தம் கேட்கவும் இல்லை. ஃபாஹிம் அதற்கு முன் ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரருக்குக் கைட் சேர்ஃபிங் பழக்கிக்கொண்டிருந்தவன். இப்போது பலகை வாடகைக்குக் கொடுக்கிற கொட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். நிழலான வேலை. நான் பார்க்கப் போனபோது இரண்டு பாக்கெட் பிஸ்கற் கொண்டுபோனேன்.

இப்படியே இருபத்திரண்டு வருடம். ஒரு திருத்தம் இல்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, ஆனால் பெருமைதான்.

இந்த வருடம் றிஸ்மின் வந்தான். தில்லையடிக்காரன், முப்பது வயது இராது, ஒரு தடியின் நுனியில் தொலைபேசியைக் கட்டி ‘கரையோரம் லைவ்’ என்று முகநூலில் நேரடியாகக் காட்டுகிறவன். ஆட்டத்தைக் காட்டிவிட்டுப் போனால் பரவாயில்லை. காட்டியபடியே கதைப்பான்.

“ஹயாத்து நானாட ரிப்போட்டு நாளக்கி பேப்பர்ல வரும், நீங்க இப்பவே பாத்துக்கோங்க. நானா மெட்ச் தொடங்க முந்தியே எழுதிருவாரெண்டும் ஒரு கதெ இரிக்கிது. நமக்கென்ன.”

நாலாயிரம் பேர் சிரிக்கிற படம் போட்டார்கள். அதற்குப் பிறகு பக்க ஆசிரியர் சஜீவன் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தார். நல்ல பிள்ளை, என்னோடு ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.

“அண்ணே, மேலிடம் முடிவெடுத்திட்டுது. இனி எந்த ஊர் நிருபரெண்டாலும் ஒரு திருத்தம் வந்தா அவ்வளவுதான், ஆள மாத்துவாங்க. முந்தலுக்கு றிஸ்மின் எண்டு ஒருத்தர் விண்ணப்பமும் குடுத்திருக்கிறார். நீங்க கவனமா இருங்க.”

கவனமாகத்தான் இருந்தேன். நடந்ததற்கு என் கவனக்குறைவு காரணமில்லை. காரணம் ஹாஜியார்.

நூஹு ஹாஜியாரைப் பற்றிக் குறைவாக ஒன்றும் சொல்ல வரவில்லை. எழுபத்தாறு வயது. தென்னங்காணி, இரண்டு இறால் பண்ணை, ஊர் முழுக்க மரியாதை. பதினொரு வருடமாகக் கிண்ணம் அவருடைய அன்பளிப்பு. கிண்ணத்தைத் தன் கையால்தான் கொடுப்பார். கொடுத்த பிறகும் உடனே விடமாட்டார், படம் எடுத்து முடியும்வரை அதன் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போன வியாழக்கிழமை நெஞ்சுவலி என்று புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை, இனி அல்லாஹ்வின் கையில் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீட்டில் யாஸீன் ஓதினார்கள். மையவாடியில் இடம் துப்புரவாக்கியாயிற்று. ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு நானே வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உடலைச் சுற்ற வெள்ளைப் பிடவை வாங்கி வைத்திருந்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள், ஒரு நிருபன் என்ன எழுதுவான்? ஒரு மணிக்கு உட்கார்ந்து எழுதி, இரண்டு மணிக்கு அனுப்பினேன். ஆலங்குடா அணியை முந்தல் அணி ஒன்பது ஓட்டங்களால் வென்றது. ஆட்டத்தின் இடையே வீரர்கள் மைதானத்தில் துஆப் பிரார்த்தனையில் ஈடுபட்டனர். மர்ஹூம் நூஹு ஹாஜியாரின் கிண்ணத்தை அவரது மருமகன் வழங்கினார்.

மர்ஹூம். காலமான ஒருவரின் பெயருக்கு முன்னால் நாங்கள் போடுகிற ஒரு சொல். அந்த ஒரு சொல்தான், சார்ஜன். மற்றதெல்லாம் என்னால் சமாளிக்கக்கூடியவை.

மூன்றே காலுக்கு ஒரு முச்சக்கர வண்டி தென்னந்தோட்டத்துக்குள்ளால் வந்து, வர்ணனை மேசைக்கு முன்னால் நின்றது. உள்ளேயிருந்து வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சாரமுமாக ஹாஜியார் இறங்கினார். நான் வீட்டுக்குப் போய் வந்த பிறகு கண் விழித்தவர், பால்தேத்தண்ணி கேட்டாராம். வைத்தியர் விடமாட்டேன் என்றதற்குத் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாராம். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன் என்று பிறகுதான் கவனித்தேன்.

“என்ன ஹயாத்து, உசிரெடுக்குற மலக்கக் கண்டவன் மாதிரி முழிக்கிற? கப்ப நான் குடுக்காம வேற எவன் குடுக்குற?”

சந்தோஷம் என்று சொன்னேன். பிறகு மேசைக்குப் பின்னால் குனிந்து சஜீவனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“பேஜ் மூணு மணிக்கே போயிட்டுதண்ணே. ஏன், ஏதும் பிரச்சினையா?”

ஒன்றுமில்லை என்றேன். அந்த நேரத்தில் ஒன்றும் இல்லைதான். மறுநாள் காலை பத்திரிகை வரும்போதுதான் பிரச்சினை. அதுவரைக்கும் பதினான்கு மணி நேரம் இருந்தது. நான் அமைதியாக யோசித்துப் பார்த்தேன். பத்திரிகையை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஹாஜியார் ஒருவர்தான். அவரும் எழுபத்தாறு வயதில், ஆஸ்பத்திரியைக் கேட்காமல் வந்து, என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். சாவு நடந்த மையத்து வீட்டில் யாரும் பத்திரிகையை விரித்து, செய்தி எத்தனை மணிக்கு எழுதியது, ஆள் எத்தனை மணிக்குப் போனார் என்று பார்ப்பதில்லை.

ஹாஜியாரின் மகள் ஸாஜிதா பின்னாலேயே வேனில் வந்திருந்தாள். பெண்கள் மைதானத்துக்குள் இருப்பதில்லை என்பதால் தென்னைகளுக்கு அப்பால், அந்த வேனிலேயே இருக்கப் போனாள். போகுமுன் என்னிடம் வந்தாள்.

“நானா, நீங்கதானே வாப்பாக்குப் பக்கத்துல இரிப்பீங்க. வெயில்ல எறங்க உடாதீங்க, கதிரய உட்டு எழும்ப உடாதீங்க. டொக்டர் கையெழுத்து வாங்கிட்டுத்தான் உட்டாரு.”

நீ ஒன்றுக்கும் யோசிக்காதே தங்கச்சி என்றேன்.

அப்புறம் நடந்ததை அங்கே இருந்த எழுநூறு பேரும் பார்த்தார்கள். றிஸ்மினின் லைவில் இன்னும் கிடக்கிறது, நீங்களும் பார்க்கலாம். அதில் நான் ஹாஜியாரைத் தொட்டதாக ஒரு காட்சிகூட இல்லை. நான் செய்ததெல்லாம் அவரைக் கௌரவித்தது.

முதலில் பொன்னாடை. பிறகு, இரு அணி வீரர்களையும் பிரதம அதிதிக்கு அறிமுகப்படுத்துவது எங்கள் வழக்கம். வழக்கமாக வீரர்கள் நிழலுக்கு வந்து கை கொடுப்பார்கள். அன்று நான் அவர்களை மைதானத்தின் நடுவே வரிசையாக நிறுத்தி, ஹாஜியாரை அழைத்தேன். இருபத்திரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், படித்த பாடசாலை, போன வருடம் எடுத்த ஓட்டங்கள் எல்லாம் சொன்னேன். யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஒக்டோபர் வெயில் உங்களுக்குத் தெரியும், மழை வருவதற்கு முன்னால் வேகவைக்கிற வெயில். பதினைந்தாவது ஆளிடம் ஹாஜியார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். தென்னைப் பக்கமிருந்து ஸாஜிதா கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

அடுத்தது முதல் பந்து. அதிதி ஒருவர் துடுப்பைப் பிடித்து, மெதுவாகப் போடுகிற ஒரு பந்தைத் தட்டிவிட்டு வந்து அமர்வார். ஹாஜியாரும் தட்டினார். நன்றாகவே தட்டினார். பந்து வெற்றிடத்தில் உருண்டு போனது. துடுப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் பார்த்தார்.

ஓடச் சொல்லி நான் சொல்லவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். “அந்தக் காலத்தில் நூஹு ஹாஜியார் கிடைத்த ஓர் ஓட்டத்தைக்கூட விட்டவரல்ல” என்று மட்டும் சொன்னேன். ஒலிபெருக்கி நாலும் சேர்ந்து சொன்னது. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கை தட்டத் தொடங்கியது. ஹாஜியார் சிரித்தார், சாரத்தைத் தூக்கிப் பிடித்தார், ஓடினார். மறுமுனைக்கு வந்து துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றவரைப் பார்த்து எனக்கே பாசம் வந்தது. மனிதர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

“இரண்டாவது ஓட்டமும் இருக்கிறது,” என்றேன்.

அவர் திரும்பினார். பாதிவழி வந்தார். முதலில் துடுப்பு விழுந்தது, அப்புறம் அவர் முழங்காலில் இருந்தார், அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தார். நடுவர் பழக்க தோஷத்தில் விரலைத் தூக்கிவிட்டு, அவசரமாக இறக்கிக்கொண்டார். லைவில் அந்த இடத்தைச் சிலர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று கேள்வி. அது சரியில்லாத காரியம்.

இங்கேதான் அந்தத் தகர டப்பா வருகிறது. ஸாஜிதா வேனுக்குப் போகுமுன் அதையும் என் கையில் தந்திருந்தாள். உள்ளே எட்டுக் குளிசை. நெஞ்சு அடைத்தால் நாக்குக்குக் கீழே ஒன்று வைக்க வேண்டும், வைத்தால் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும் என்று சொல்லியிருந்தாள். சட்டைப் பையில், இடது பக்கம், போட்டுக்கொண்டேன்.

அவள் தென்னைகளுக்குள்ளால் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். “நானா, குளிச. குளிசயக் குடுங்க நானா,” என்று கத்தினாள். நான் ஒலிவாங்கியில், கூட்டம் விலகி நின்று காற்றுக்கு இடம் விடுமாறு கேட்டுக்கொண்டேன். அது தேவையான அறிவித்தல். பிறகு வலது பையில் பார்த்தேன். காற்சட்டைப் பைகளில் பார்த்தேன். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். புள்ளிப் புத்தகத்தைத் தூக்கி உதறினேன். இடது பையில் மட்டும் பார்க்கவில்லை. வேன் வந்து அவரைத் தூக்கிப் போகும்வரை தேடிக்கொண்டேயிருந்தேன். எட்டுக் குளிசையும் இப்போதும் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள்.

ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று குழுவில் இரண்டு பேர் சொன்னார்கள். ஹாஜியார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்க வந்த ஆட்டம், அவருக்காக துஆச் செய்துகொண்டே ஆடுவோம் என்று நான் சொன்னேன். பலர் கண் கலங்கினார்கள். ஆடினார்கள். இரண்டாவது இன்னிங்ஸின் நாலாவது ஓவரில் ஸாஜிதாவின் கணவர் திரும்பி வந்தார், முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வழியிலேயே போய்விட்டாராம். நான் எழுந்து நின்று ஒலிவாங்கியில், “மர்ஹூம் நூஹு ஹாஜியார் அவர்களுக்காக” என்று ஆரம்பித்தேன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்தபோது உடம்பில் ஒரு பாரம் இறங்கியதை மறைக்க மாட்டேன். வீரர்கள் துஆக் கேட்டார்கள். மருமகன் அழுதபடி கிண்ணத்தைக் கொடுத்தார். முந்தல் ஒன்பது ஓட்டங்களால் வென்றது. ஏழாகத்தான் இருந்தது, இரண்டு அகலப் பந்துகள் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு நான் அனுப்பிய செய்தியில் ஓர் எழுத்துக்கூட அப்போது பொய்யில்லை.

மையத்து வீட்டில் ஸாஜிதா என்னைத் தேடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“நானா, நான் டப்பாவ உங்கட கைல தந்தேனா, தரலயா? தந்த மாதிரித்தான் நினவு. வேனுக்குள்ள எல்லாம் தேடிட்டன். உண்மயச் சொல்லுங்க, நான் மறந்துட்டனா?”

“நீ தரல்ல தங்கச்சி,” என்றேன். “அல்லாஹ்ட நாட்டம். மனசப் போட்டு வதைக்காத.”

அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல அத்தனை பெண்கள் இருந்தார்கள், நான் வெளியே வந்துவிட்டேன்.

திங்கள் காலை அடக்கம் முடிந்து வரும் வழியில்தான் தேநீர்க் கடையில் பத்திரிகையைப் பார்த்தேன். வழமைபோலப் பின்பக்கம். பெரிதாக பேஸ்போல் ப்ளே ஓஃப், அதற்குக் கீழே என் செய்தி. வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். “நோயிலிருந்து மீண்ட நூஹு ஹாஜியார் பூரண நலத்துடன் கலந்துகொண்டு வெற்றிக் கிண்ணத்தை வழங்கினார்.” பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். எங்கள் கைகளில் இன்னும் மையவாடி மண் இருந்தது.

கடைக்கு வெளியே நின்று சஜீவனை அழைத்தேன்.

“அண்ணே, உங்கட மானத்த நான்தானே காப்பாத்தினன். நீங்க மர்ஹூம் எண்டு அனுப்பியிருக்கிறீங்க, றிஸ்மின்ட லைவத் திறந்தா மனுசன் கிறவுண்டு நடுவுல பெட்டப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். நல்ல காலம், கண்டிட்டன். உடன மாத்தி எழுதி அனுப்பிட்டு லைவ மூடிட்டன்.”

“பேஜ் போயிட்டு எண்டு சொன்னீங்களே தம்பி.”

“அது எல்லா நிருபர்மாருக்கும் சொல்றதுதானே அண்ணே. இல்லாட்டி ஆளுக்கு ஆள் எடுத்து அத மாத்து, இத மாத்து எண்டு நிம்மதியா இருக்க விடமாட்டாங்க.”

யோசித்துப் பாருங்கள், சார்ஜன். அவர் தொடாமல் விட்டிருந்தால் செய்தி சரி. எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், நானே அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, ஹாஜியாரை நிழலில் இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்திருப்பேன். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இருக்கவில்லை. மனிதர் இன்றைக்கும் கிண்ணத்தின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். இந்த மரணத்தில் சஜீவனுக்கு உள்ள பங்கை நீங்கள் விசாரிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வந்தது அந்தத் திருத்தம். வெட்டி எடுத்து வந்திருக்கிறேன், இணைக்கவும். “மர்ஹூம் நூஹு ஹாஜியார் கிண்ணம் வழங்கியதாக எமது முந்தல் நிருபர் தந்த செய்தி தவறானது. வருந்துகிறோம்.” நிருபர் தந்த செய்தி. நான் அப்படி ஒரு செய்தி தரவில்லை. பின்னேரமே கடிதமும் வந்தது, முதலாம் திகதியிலிருந்து முந்தலுக்கு றிஸ்மின். நஃபீஸா கடிதத்தைப் பார்த்துவிட்டு, “சரி, இனி ஹயாத்தெண்டு கூப்பிடவா?” என்றாள். அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நான் அன்று சாப்பிடவில்லை.

இப்போது உங்களுக்கு விளங்கும், ஏன் நானாகவே வந்திருக்கிறேன் என்று. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஹாஜியார் தற்செயலாக இறந்தார் என்று இருக்கும்வரை, இரண்டு மணிக்கு நான் அனுப்பியது வெறும் அவசரக்குடுக்கைத்தனம். நான்தான் அவரை இறக்க வைத்தேன் என்று ஏற்றுக்கொண்டால்தான், என் செய்தி ஆரம்பத்திலிருந்தே சரி என்பதும் திருத்தம்தான் பிழை என்பதும் ஊருக்குத் தெரியும். நூஹு ஹாஜியாரைத் திட்டமிட்டுக் கொன்றது நான். இதைப் பூரண சுயநினைவோடு எழுதி, கீழே கையெழுத்திடுகிறேன். பிரதியொன்று பத்திரிகைக்குப் போக வேண்டும்.

நீங்கள் மூன்றாவது தடவையாக வாசல் பக்கம் கை காட்டுகிறீர்கள், வீட்ட போங்க அண்ணே என்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்கு விளங்குகிறது. ஆனால் இப்போது மணி இரண்டே முக்கால். பக்கம் மூன்றுக்கு மூடிவிடும் என்பதால் நான் ஒரு மணிக்கே செய்தியை அனுப்பிவிட்டேன். முந்தல் நிருபர் கைது. கொலையை ஒப்புக்கொண்டார். கைது செய்தவர் சார்ஜன் றொபின்சன். உங்கள் பெயரைப் பிழையில்லாமல் போட்டிருக்கிறேன்.

செய்திக்குக் கொஞ்சம் நிறம் வேண்டும் என்று, கைதின்போது சார்ஜனுக்குக் கையில் காயம் ஏற்பட்டதாகவும் ஒரு வரி சேர்த்தேன். எந்தக் கை என்று எழுதவில்லை. அது ஃபாஹிமின் கால் விஷயத்தில் நான் படித்த பாடம்.